சோத்தாங்கைப் பக்கம்

அநீதி இழைக்கப்பட்டவள் ச. பேச்சியம்மாள், முதுகலை சமூகவியல், இரண்டாம் ஆண்டு. இழைக்கப்பட்ட அநீதி, ஏழு மாதமாக அவள் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் குடியிருக்கிற ஒரு வலியை, பல்கலைக்கழக நலமையம் இல்லை என்று எழுதிக்கொடுத்தது. பதிவாளருக்குப் போகிற புகார் இப்படித்தான் ஆரம்பிக்கவேண்டும், பெருமதிப்பிற்குரிய ஐயா என்று குழையாமல். இல்லை என்று வாயால் சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். எழுதிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. உடலில் நோய் எதுவும் இல்லை, தேர்வு பற்றிய பதற்றம். நோயாளி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார். நான் முரணாகப் பேசுகிறேனாம். கல்லூரியில் மூன்று வருஷமும் விவாத மேடையில் எதிரணியின் முரணைப் பிடித்துப் பிடித்தே கேடயம் வாங்கினவள் நான். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு துறைத்தலைவர் மேடம், வருகைப் பதிவு அறுபத்துமூன்று சதவீதம்தான் இருக்கு, மருத்துவச் சான்று இல்லாமல் ஹால்டிக்கெட்டுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது கொண்டுவா என்று சொல்லிவிட்டார். ஏதாவது. என்னமோ நான் கடையில் போய் ஒரு நோயைப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது மாதிரி. இன்றைக்கு புதன். “ஏட்டி, யோசிச்சது போதும், குடி,” என்கிறாள் ஜெபசீலி. விடுதியில் என் அறைத்தோழி, வகுப்பைக் கட் அடித்துவிட்டு எனக்காக இந்த ஸ்கேன் சென்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு முறுக்குப் பொட்டலம். என் மடியில் ஒன்றரை லிட்டர் பாட்டில், அதில் இன்னும் கால்பாகம். வயிறு முட்ட, அதாவது மூத்திரப்பை முட்ட, குடித்தால்தான் உள்ளே கூப்பிடுவார்கள். அப்போதுதான் படம் தெளிவாக விழுமாம்.

டோக்கன் கூப்பிடுகிற அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நின்று, ஆமாம், ஏறி நின்றுதான், கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறாள். “யாருக்கெல்லாம் முட்டிருச்சு? முட்டினவங்க கையத் தூக்குங்க.” ஒரு கர்ப்பிணி தூக்குகிறாள், ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரர் கூச்சத்தோடு பாதிக் கை தூக்குகிறார். நானும் தூக்குகிறேன். “எம்மா பச்சைச் சுடிதாரு, நல்ல கையத் தூக்கும்மா, காலங்காத்தால.” மணி பதினொன்றேகால். என் கை நல்ல கைதான், பத்து விரலில் ஐந்து அதில்தான் இருக்கிறது, காலேஜ் நோட்டு முழுக்க அதுதான் எழுதியது என்று வாய்வரை வந்துவிட்டது. ஜெபசீலி முழங்கையால் இடிக்கிறாள். “விடுட்டி. இவகிட்டயும் சண்ட போட்டேன்னா கடைசி டோக்கனா மாத்திருவா.” அவள் இடித்தது சரியாக அந்த இடம். இடித்ததும் அது முழித்துக்கொண்டது. முதலில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்து, பிறகு யாரோ உள்ளேயிருந்து கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி, பிறகு அந்த விரல் முதுகுப்பக்கமாக நகர்ந்து, மறுபடி முன்னால் இறங்கி, தொடைவரைக்கும் ஒரு இழுப்பு. நான் மூச்சை விடாமல் இருக்கிறேன். மூச்சை விட்டால் அது பெரிதாகும். இதைச் சொன்னால் அந்த நலமைய டாக்டர் என்ன சொன்னார், மூச்சை அடக்கினால் வாய்வு சேரத்தான் செய்யும் என்றார். வாய்வு. எதைச் சொன்னாலும் வாய்வு. குனிந்தால் வலிக்கிறது சார், வாய்வு. குனியாமல் இருந்தாலும் வலிக்கிறது சார், அதுதான் வாய்வு, உருளைக்கிழங்கு சாப்பிடாதே. ஒரு கருத்தை எந்தச் சான்றாலும் பொய்யாக்க முடியாது என்றால் அது கருத்தே இல்லை, மூடநம்பிக்கை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வகுப்புக்குப் போகமுடியாமல்தான் அறுபத்துமூன்று சதவீதம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருக்கிறது, அதுவும் அவரவர் வசதிக்கு ஏற்ற காரணம். அம்மாவுக்குச் சூடு. போனில் முதல் வார்த்தையே “ஏளா, வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சியா?” தான், வலிக்குதா என்பது அப்புறம். விடுதிக் காப்பாளருக்கு நான் சாப்பாட்டு நேரத்துக்கு வராமல் வெறும் வயிற்றோடு கிடப்பது. துறைத்தலைவருக்கு ஒரே தோளில் பை மாட்டுவது. ஜெபசீலிக்கு, நான் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போன் பார்ப்பது. ஊரில் பெரியம்மா ஒருத்தி யாரோ கண்ணு வச்சிட்டாங்க என்றாள், என்னைப் பார்த்துக் கண் வைக்க என்ன இருக்கிறது, வருகைப் பதிவையா. மருந்துக்கடை அண்ணன் கேட்காமலேயே ஒரு பச்சை மாத்திரை தந்தார், புளிச்ச ஏப்பத்துக்கு. எனக்கு ஏப்பமே வரவில்லை. அப்புறம் அந்த டாக்டர், கோப்பைப் புரட்டிக்கொண்டே, “கல்யாணம் ஆயிருச்சா?” என்றார். இல்லை சார் என்றேன். “ஆனா சரியாயிரும்.” அவர் கேட்க நினைத்த கேள்வி வேறு, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வயிற்று வலியோடு வருகிற பெண்ணிடம் கேட்கவேண்டிய நியாயமான கேள்விதான், நேராகக் கேட்டிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். அதைக் கேட்க நா கூசி, கல்யாணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பிறகு அந்தக் கல்யாணத்தையே மருந்தாக எழுதிக்கொடுக்கிற டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. “கல்யாணம் எத்தனை மில்லிகிராம் சார், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டேன். சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த முரண் என்ற வார்த்தையை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இல்லை, அன்றைக்கு இல்லை. அதற்கு முந்தின தடவை. படுக்கச் சொல்லி, வலது அடிவயிற்றில் நான்கு விரலை வைத்து அமுக்கி, “வலிக்கா?” என்றார். அங்கே வலிக்கவில்லை. “இல்ல சார்.” விரலைச் சட்டென்று எடுத்து, “இப்ப?” “இல்ல சார், அங்க இல்ல, இங்க.” இடதுபக்கம் தொட்டுக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தார். “முதல்ல அந்தப் பக்கம்னீங்க. இப்ப இந்தப் பக்கம்ங்கிறீங்க. இடம் மாறுதுன்னா வாய்வேதான்.” நான் எப்போது சார் அந்தப் பக்கம் என்றேன் என்று கேட்டதற்கு, “எழுதியிருக்குல்லா” என்றார். எழுதியிருக்கிறது. என் உடம்பு எதிரே படுத்துக்கிடக்கிறது, விரல்வைத்துக் காட்டுகிறது, அவருக்குத் தாள் சாட்சி. பிறகு அவரே எழுதிக்கொடுத்த ஸ்கேன், வேறொரு இடத்தில், ஒன்றரை மாதம் முன்னால். அங்கே இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு வலதுபக்கம் மட்டும் கருவியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். இந்தப் பக்கம் சார் என்றேன். “எழுதினதைத்தான் பாக்க முடியும், அசையாமப் படுங்க.” குடல்வால் நன்றாக இருக்கிறதாம். வாழ்க. ஆக, முதல்நாள் என்னைப் பதிவு செய்த ஆள் தப்பாக எழுதியதுதான் எல்லாவற்றுக்கும் வேர். சிஸ்டர் அமலோற்பவம். புகாரில் இரண்டாவது பத்தி முழுக்க அவர்தான், பெயரோடு, தேதியோடு. கவனக்குறைவு என்று எழுதலாமா, அலட்சியம் என்று எழுதலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். அலட்சியம் நல்ல வார்த்தை, பல் இருக்கிறது. “ஏட்டி, அந்த சிஸ்டரு ஒப்பந்தத்துல இருக்காங்க, பத்து வருஷமா. நீ எழுதினா அடுத்த நாளே வேண்டாம்னு அனுப்பிருவானுவ,” என்றாள் ஜெபசீலி. அப்படியானால் பத்து வருஷமாக எத்தனை பேருக்குத் தப்பாக எழுதினாரோ என்றேன். அந்த சிஸ்டர் எப்போது போனாலும் முதலில் “சாப்ட்டியாம்மா?” என்றுதான் கேட்பார். அது வேறு விஷயம். சாப்பிட்டாயா என்று கேட்பவர் தப்பு செய்யமாட்டார் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது.

கால்வாசித் தண்ணீரும் முடிந்தது. அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது, காலை மாற்றிப்போட்டால் ஆபத்து. சிரித்தாலும் ஆபத்து, அதனால் ஜெபசீலியைப் பார்க்கக்கூடாது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. “பேச்சி, அருவி. குற்றாலம். ஐந்தருவி. சாரல்.” “செருப்பால அடிப்பேன்.” சட்டைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் முழங்கால்களை இன்னும் நெருக்கிக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பைப் பிடித்து, பிடித்த இடத்தில் வலி வந்து, வலிக்குப் பின்னால் அது வந்தது. அது எப்போதும் இப்படித்தான், கூட்டத்தில் யாரோ தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி. சித்தி. அம்மாவின் தங்கை. அவளுக்கும் விலாவுக்குக் கீழேதான். ஒரு வருஷம் வாய்வு என்றார்கள், அவளும் வாய்வு என்றாள், பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது பதிமூன்று வயது, என் பாவாடைக்கு மடிப்பு வைத்துக் கொடுக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு, மிஷின் பலகையில் நெற்றியை வைத்துக்கொள்வாள். “ஒண்ணுமில்லட்டி, வாய்வு சுத்துது.” பிறகு மதுரைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு கட்டி என்று சொன்னார்கள், வீட்டில் அந்த இன்னொரு வார்த்தையை இன்றுவரை யாரும் சொன்னதில்லை. பிறகு பாதி தைத்த பாவாடை மட்டும் இருந்தது. அம்மா போனில் வெந்தயம் வெந்தயம் என்று அடித்துக்கொள்வது எதனால் என்று எனக்குத் தெரியாதா. அவளுக்கு அது சூடாகத்தான் இருக்கவேண்டும். வேறு எதுவாகவும் இருக்கக்கூடாது. அந்த டாக்டரிடம் சித்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அவர் அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார். எனக்கு ஹால்டிக்கெட் வேண்டும், அது நிஜம். ஆனால் ஹால்டிக்கெட்டுக்காக மட்டும் யாரும் ஏழு மாதம் இப்படிக் கத்தமாட்டார்கள். யாராவது ஒருவர் இந்த வலியை ஏற்றுக்கொண்டு பார்க்கவேண்டும். பார்த்தால்தான் அது சித்தியுடையதா, இல்லை வேறொன்றா என்று தெரியும். வாய்வு வாய்வு என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தியை அனுப்பிவைத்தாயிற்று, போதும்.

“பெரியவரே, உமக்கு எந்தப் பக்கம் வலி?” நாற்காலியிலிருந்து இறங்கின டோக்கன் அக்கா இப்போது எனக்கு முன்வரிசையில் ஒரு வேட்டிக்காரரிடம் குனிந்து கத்துகிறாள், அவருக்குக் காது மந்தம். “சீட்டுல எழுதல. வலமா இடமா?” அவர் முழிக்கிறார். கூட வந்த மருமகள் சிரித்துக்கொண்டு, “அப்படிக் கேட்டா மாமாவுக்குப் புரியாதுக்கா. மாமா, சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?” பெரியவர் உடனே வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்து, வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார். அக்கா வலது என்று எழுதிக்கொள்கிறாள். எவ்வளவு சுலபம். நான் வழக்கம்போல மனசுக்குள் ஒரு சண்டையை எடுக்கிறேன், எல்லாருக்கும் சோத்தாங்கை வலதுதானா, யார் முடிவு செய்தது. இது என்னுடைய பழைய சண்டை, ஒன்றாம் வகுப்பிலிருந்து வருகிறது. டீச்சர் அடிஸ்கேலால் இடது கை விரல் முட்டியில் அடித்தபோதும், கோயிலில் திருநீறு கொடுப்பவர் நீட்டின கையைப் பார்த்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டபோதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி நகர்ந்து உட்கார்ந்தபோதும் போட்ட சண்டை. பத்து வயதில் வீட்டில் ஒரு பெரிய வழக்கே நடத்தினேன். சோறு தின்கிற கை சோத்தாங்கை. நான் சோறு தின்கிற கை இது. ஆகவே என் சோத்தாங்கை இதுதான். அப்பா தீர்ப்பு சொன்னார், “சரித்தா, உனக்கு அது சோத்தாங்கை.” அதிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சியின் சோத்தாங்கை என்றால் இடது. செருப்பு எங்கே கிடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டால்கூட “உன் சோத்தாங்கைப் பக்கம் பாரு” என்பாள், நான் இடதுபக்கம் திரும்புவேன். அது சண்டையாக இருந்தது போய், எனக்கு வெறும் திசையாகவே ஆகிவிட்டது. வடக்கு தெற்கு மாதிரி. யோசித்துச் சொல்கிறதில்லை.

யோசித்துச் சொல்கிறதில்லை. அந்த இடத்தில் என் நினைப்பு முள்ளில் துணி மாட்டின மாதிரி நின்றுவிட்டது. பெரியவரின் குவித்த விரல்கள். முதல் நாள், நலமையத்தின் வாசல் மேசை, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரை வைத்த தாள்கள், சிஸ்டர் அமலோற்பவம் தலையைத் தூக்காமல், “சாப்ட்டியாம்மா? எங்க வலிக்கி? சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?” நான் என்ன சொன்னேன். அன்றைக்கு வலியில் குனிந்து நின்றேன், வகுப்பில் பாதியில் எழுந்து வந்திருந்தேன். நான் என்ன சொன்னேன். “ஜெபா, அந்தக் கோப்பைக் குடு.” “எதுக்குட்டி, மறுபடியும் படிச்சுக் கொதிக்கவா?” “குடுங்கேன்ல.” நேற்று நலமையத்தில் அரைமணி நேரம் வாதாடி வாங்கின கோப்பு இது, என் உடம்பைப் பற்றின தாளை நான் பார்க்க எவன் அனுமதி வேண்டும் என்று கேட்டு வாங்கினது. வாங்கினதும் கடைசித் தாளைத்தான் படித்தேன், அந்த இரண்டு வரியை. முன்பக்கம் புரட்டவே இல்லை. இப்போது புரட்டுகிறேன். ஒவ்வொரு தாளிலும் டாக்டரின் கையெழுத்தில் ஆங்கில ஆர், அதைச் சுற்றி ஒரு வட்டம். வலது. வலது. வலது. கடைசியில், அதாவது முதலில், நீலச் சீட்டு. உருண்டை உருண்டையான தமிழ் எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி. ‘பேச்சியம்மாள், 22. நாலு நாளா வலி. சோத்தாங்கைப் பக்கம் என்று சொல்கிறார்.’ அதன்மேல் டாக்டரின் பேனாவில் அந்த ஆர், அந்த வட்டம்.

என்று சொல்கிறார். அட. நான் சொன்னதைச் சொன்னபடி, ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறார். இந்தக் கோப்பு முழுவதிலும் நான் சொன்னதை நம்பி எழுதின ஒரே ஆள் அவர்தான், அவருக்குத்தான் நான் பல் இருக்கிற வார்த்தையாகத் தேடிக்கொண்டு வந்தேன். முகம் சுடுகிறது. உடனே எனக்குள்ளே இருக்கிற எதிரணி எழுந்து நிற்கிறது, பொறு, இதில் உன் தப்பு என்ன, ஒரு பெண் இடது கையால் சாப்பிடக்கூடும் என்று யாருக்கும் தோன்றாதது உன் தப்பா, நீ தொட்டுக் காட்டினபோது பார்க்காத டாக்டர் தப்பில்லையா. தப்புதான், அதில் ஒரு இம்மி குறைக்கமாட்டேன், முதல் பத்தி அப்படியே நிற்கும். ஆனால் இரண்டாவது பத்தி. அதைச் சும்மா விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது, செவிலியர் தப்பாக எழுதினார் என்பது எவ்வளவு ஒழுங்காக உட்காருகிற காரணம். உள்ளே போய் இடது என்று மட்டும் சொல்வேன். ஏழு மாதமாக எல்லாரும் அவரவர் வசதிக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள் என்று சொன்னேனே, இது எனக்கு வசதியான காரணம். “என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? வலிக்கா?” “இல்ல.” “பொறவு?” “முட்டிருச்சு.” டோக்கன் அக்கா அதே நேரம் கூப்பிடுகிறாள், “பச்சைச் சுடிதாரு! பேச்சியம்மா! பேருக்கேத்த மாதிரி உள்ள போயிப் பேசிட்டு இருக்காம, அசையாமப் படுக்கணும்!”

உள்ளே இருட்டு, குளிர், பச்சை உறை போட்ட மேசை. டாக்டர் பெண், ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருக்கிறார். சீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார். “எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால காட்டுங்க.” ஒரு விரல். ஏழு மாதம் கழித்து ஒருவர் ஒரு விரல் கேட்கிறார். காட்டுகிறேன். சில்லென்று பசை, பிறகு கருவி விலாவின் அடியில் வழுக்கிக்கொண்டு போய் நின்று, அழுத்தி, கொஞ்சம் இறங்கி, மறுபடி மேலே. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைகிறது, அதில் எது நான் என்று தெரியவில்லை. அவர் படத்தை நிறுத்தி, திரையில் ஒரு கோடு போட்டு அளக்கிறார். மறுபடி அளக்கிறார். சித்தி மிஷின் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டிருக்கிறாள். முட்டுகிறது, வலிக்கிறது, பயமாக இருக்கிறது, மூன்றும் ஒரே இடத்தில் நெரிகிறது. “கட்டியா டாக்டர்?” கேட்டுவிட்டேன். குரல் என் குரலாக இல்லை, பதிமூன்று வயதுக் குரல். “யாரு சொன்னா? கட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. கல்லு. சிறுநீர் இறங்குற குழாயில ஒரு கல்லு அடைச்சுக்கிட்டு இருக்கு, எட்டு மில்லிமீட்டர். அதுக்கு மேல சிறுநீரகம் வீங்கியிருக்கு பாருங்க, இந்தக் கறுப்பு. ரொம்ப நாளா இருக்கணுமே இது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிட்னி கெட்டிருக்கும். இன்னைக்கே சிறுநீரக டாக்டரப் பாருங்க, நான் எழுதித் தாரேன்.” கல். எவ்வளவு நல்ல, கெட்டியான, பெயர் உள்ள ஒரு பொருள். எட்டு மில்லிமீட்டர் என்று அளக்கமுடிகிற ஒரு சான்று. கண்ணில் தண்ணீர் காதுக்குள் ஓடுகிறது, படுத்திருப்பதால். அவர் துடைக்கத் துணி தந்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, இப்போதுதான் கோப்பைத் திறக்கிறார். ஒரு தாள், இரண்டு தாள், நெற்றி சுருங்குகிறது. “இது என்னம்மா? எல்லாத்துலயும் வலதுன்னு இருக்கு. கல்லு இருக்கிறது இடதுல. போன ஸ்கேன்லகூட வலது பக்கம்தான் பாத்திருக்காங்க. யாரு தப்பா எழுதினது? நீங்க மொத நாளு எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொன்னாலும் எழுதுவார் போலிருக்கிறது. துடைத்ததில் பசை ஒட்டின இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

“சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னேன் டாக்டர்,” என்று அந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். “சிஸ்டர் சரியாத்தான் எழுதியிருக்காங்க. நான் சாப்பிடுற கை இதுதான்.”